அந்த அறைக்கு இருந்த இன்னொரு கதவு

புதுச்சேரி,
5.1.2025

அன்புள்ள பிரியா,

கையெழுத்தைப் பார்த்ததும் உறையை மூலையில் போட்டுவிடாதே. என் போனை நீ எடுக்காமல் விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன் என்றால் தானாக அடித்து ஓய்ந்துவிடும். கடிதத்தைக் கிழிப்பதற்காவது கையில் எடுக்க வேண்டும். கல்லூரி லீவு நாட்களில் நீ ஸ்ரீமுஷ்ணத்திலிருந்தும் நான் விருத்தாசலத்திலிருந்தும் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டோமே, அந்தப் பழக்கத்தை நம்பி எழுதுகிறேன்.

‘அண்ணி அவர்களுக்கு’ என்று தொடங்கலாமா என்று முதலில் யோசித்தேன். உன் கல்யாணத்தன்று காலையில் தலைக்குப் பூ வைத்துக்கொண்டே, “இனிமே நீ என்ன அண்ணின்னுதான் கூப்புடணும்டி” என்று மிரட்டினாய். “போடி” என்றேன். கொஞ்ச நேரத்தில் மேடையில் உன் பின்னால் நின்று மூன்றாவது முடிச்சைப் போட்டவளும் நான்தான். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அப்படிக் கூப்பிடவில்லை. நீயும் கேட்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் போன வாரம் போன் செய்தான். மாசி மகத்துக்கு வீட்டுக்கு வரச் சொல்கிறான். “அம்மா மூஞ்சியத் திருப்புனா திருப்பிக்கிட்டுப் போவட்டும். நீ வந்து ஒரு வேள சோறு தின்னுட்டுப் போ” என்றான். பிறகு அவனே சிரித்துக்கொண்டு, “ஒன் ஒடம்பு, ஒன் இஷ்டம். எனக்குத்தான் வேற ஒண்ணு கெடச்சிடுச்சே, அப்புறம் என்னா” என்றான். அவன் குணம் உனக்குத் தெரியும்.

பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய், வீட்டில் யாராவது ஒன்று தந்தால்தான் ஆயிற்று என்று வந்தபோது, பொருந்தியவள் நான். தர மாட்டேன் என்று சொன்னவளும் நான். அதற்குப் பிறகு நீ கொடுத்தாய். அவன் எழுந்து நடக்கிறான். இதில் எதையும் மாற்றிச் சொல்ல நான் வரவில்லை.

அம்மா மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் என் பேரில் பிராது கட்டியிருப்பதையும் அண்ணன்தான் சொன்னான். வரப்புத் தகராறு, நகை திருட்டு என்று ஊரார் சாமியிடம் புகார் எழுதி வேலில் கட்டிவிட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். பெற்ற மகளின் பேரில் யாராவது கட்டி நீ கேள்விப்பட்டிருக்கிறாயா? கட்டியவர்களே போய்த் திரும்ப வாங்கினால்தான் அது தீருமாம். நான் பெரிய பக்தை இல்லை. ஆனாலும் இங்கே ஒரு காய்ச்சல் வந்தால் முதலில் அந்த வேல்தான் நினைவுக்கு வருகிறது.

அண்ணன் அழைத்தான் என்று நான் வர மாட்டேன். அந்த வீட்டில் நான் முகம் பார்க்க வேண்டியவள் நீ ஒருத்திதான். நீ ‘வா’ என்று ஒரு வார்த்தை எழுதினால் வருகிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். உன் மகள் கார்குழலிக்கு என் அன்பைச் சொல். சொல்லக்கூடாது என்று தோன்றினால் வேண்டாம்.

என்றும் உன்,
விழி


விருத்தாசலம்,
19.1.2025

விழி,

உன் கடிதம் நம் பீங்கான் கம்பெனிக்கு வந்தது. கையெல்லாம் பளபளப்புக்குப் பூசும் கிளேஸ். அப்படியே வாங்கி உள்பாவாடை நாடாவில் செருகிக்கொண்டு மத்தியானம்தான் படித்தேன். இனி எழுதினால் கம்பெனி விலாசத்துக்கே எழுது. வீட்டில் உன் கையெழுத்து எல்லாருக்கும் தெரியும்.

உன் அண்ணன் நன்றாக இருக்கிறார். நிஜமாகவே நன்றாக இருக்கிறார். கன்னம் உப்பியிருக்கிறது. ஃபியூஸ் கேரியருக்கு வெளி மாநிலத்து ஆர்டர் பிடித்து, பக்கத்து ஷெட்டையும் சேர்த்து வாடகைக்கு எடுத்திருக்கிறார். பொங்கலுக்குத் தொழிற்பேட்டையில் இருக்கிற முதலாளிகள் எல்லாரும் கூடி அவருக்குச் சால்வை போட்டார்கள். மறுபிறவி எடுத்து வந்தவராம். நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். ‘வேற ஒண்ணு கெடச்சிடுச்சே’ என்று அவர் உன்னிடம் சொன்னதை எழுதியிருக்கிறாய். அது கடையில் கிடைத்ததில்லை என்று அவருக்கு ஞாபகப்படுத்தலாம் என்று நினைத்தேன். பிறகு சோறு வடிக்கப் போய்விட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதியிருக்கிறாய். கொஞ்ச நேரம் நின்றால் இடுப்பு கடுக்கிறது. மண் தட்டைத் தூக்கக்கூடாது, தூக்குகிறேன். முதல் ஆறு மாதம் பார்க்க வந்தவர்கள் என்னை மகராசி என்றார்கள், சிலர் காலைத் தொட்டார்கள். அவர் பைக் ஓட்டத் தொடங்கியதும் அது நின்றுபோயிற்று.

நீ எப்போதும் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவள். சேத்தியாத்தோப்பிலிருந்து உன்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பிடிக்கவில்லை என்று சொல்லி அனுப்பியபோதுகூட, தெரு முழுக்க ‘நான்தான் வேணான்னுட்டேன்’ என்று சொல்லித் திரிந்தாய். உன் அம்மா இன்னும் அதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

வா என்று நான் எழுதப் போவதில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ கொடுக்காமல் வைத்துக்கொண்டாய். சந்தோஷமாக இருக்கிறாயா? வேறு நியாயம் எதுவும் எழுத வேண்டாம். அதற்கு மட்டும் பதில் எழுது.

பிரியா


புதுச்சேரி,
26.1.2025

அன்புள்ள பிரியா,

நீ பதில் எழுதினாயே, அதுவே போதும் என்று முதலில் தோன்றியது. பிறகு உன் கேள்வியை வைத்துக்கொண்டு நாலைந்து நாள் அலைந்தேன். நூலகத்தில் பிள்ளைகள் கேட்ட புத்தகத்தை விட்டுவிட்டு வேறு எதையோ எடுத்துக் கொடுத்தேன்.

இருந்தேன், பிரியா. முதல் வருஷம் சந்தோஷமாகத்தான் இருந்தேன். நான் தூக்கமில்லாமல் தவிப்பதாக நீ எதிர்பார்த்திருந்தால் ஏமாற்றமாக இருக்கும். அப்பா படுக்கையில் கிடந்த காலம் முழுக்க அந்த வீட்டுச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. ஆனால் வெளியே போக முடிந்ததில்லை. அவர் போன பிறகு இந்த வேலை கிடைத்து, முத்தியால்பேட்டையில் இந்த மாடி வீட்டைப் பிடித்தேன். என் சாவி. நானே பூட்டி நானே திறப்பது. யாருக்கும் கஞ்சி ஆற்ற வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை குளிக்காமல் பத்து மணி வரை பேப்பர் படிக்கலாம். கடற்கரைக்குப் போய் ஒரு சுண்டல் பொட்டலத்தை யாருக்கும் பங்கு தராமல் தின்னலாம். சிரிக்காதே. நாற்பது வயதுக்கு மேல் எனக்கு முதல்முதலாகக் கிடைத்தது அது. அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். என் உடம்பிலாவது ஒன்று என்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். இது நியாயம் இல்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

பிறகு ஒன்று ஆயிற்று. அதை யாரிடமும் சொன்னதில்லை. கொடுக்க மாட்டேன் என்று சொல்லும்வரை அது என் உடம்பில் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. சொன்ன பிறகு அது எனக்குச் சொந்தம் இல்லாததுபோல் ஆகிவிட்டது. தண்ணீரைப் பாட்டிலில் அளந்து குடிக்கிறேன். ஊறுகாயை விட்டுவிட்டேன். தலைவலி மாத்திரை போடுவதில்லை, அது சிறுநீரகத்துக்கு ஆகாதாம். வருஷா வருஷம் ஸ்கேன். ஒரு கல்லோ கில்லோ வந்துவிட்டால் ஊரே சிரிக்குமே என்று பயம். யாரோ ஒருத்தர் கொடுத்து வைத்துவிட்டுப் போன பண்டத்துக்குக் காவல் இருக்கிற மாதிரி இருக்கிறது. சுண்டல் வாங்கும்போதுகூட, உப்பு தூக்கலாக இருக்குமோ என்று கை நின்றுவிடுகிறது.

அப்படியானால் வருந்துகிறாயா என்று நீ அடுத்ததாகக் கேட்பாய். இல்லை. என்னை மறுபடி அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் கொண்டுபோய் நிறுத்தினாலும் தர மாட்டேன் என்றுதான் சொல்வேன். வருந்துகிறேன் என்று எழுதினால் நீ ‘வா’ என்பாய் என்று தெரிந்தும் அதை எழுத முடியவில்லை. அன்று டாக்டர் ஒரு பொய் சொல்ல வழி காட்டினார். அதைக்கூட நான் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கென்று மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அதை உன்னிடமும் கெடுத்துக்கொள்ள மாட்டேன்.

உன் கேள்விக்கு இதுதான் பதில். நீ மண் தட்டைத் தூக்காதே. ஆள் வைத்துக்கொள்ளச் சொல் அவனை.

உன்,
விழி


விருத்தாசலம்,
9.2.2025

விழி,

டாக்டர் காட்டிய பொய்யைப் பற்றி ‘அதைக்கூட நான் எடுத்துக்கொள்ளவில்லை’ என்று நீ எழுதிய வரியை நான் பலமுறை படித்தேன். இத்தனை நாள் உன் போனை ஏன் எடுக்கவில்லை என்று உனக்கு இன்னும் தெரியவில்லை என்பது அந்த வரியில் தெரிந்தது. இப்போது சொல்கிறேன்.

நீ அன்று அந்த அறையை விட்டு வெளியே வந்தாய். உன் அம்மா, நான், அவர் மூன்று பேரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நீ உட்காரக்கூட இல்லை. “பொருந்துது. ஆனா எனக்கு இஷ்டமில்ல. இஷ்டமில்லன்னா பொருந்தலன்னு எழுதிக் குடுத்துடுறோம், யாருக்கும் தெரியாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அந்தப் பொய் எனக்கு வேணாம்” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனாய். தலையை நிமிர்த்திக்கொண்டுதான் போனாய்.

அப்படி ஒரு வழி அங்கே இருப்பது அதுவரை எங்களில் யாருக்கும் தெரியாது.

நான்கு மாதம் கழித்து அதே அறைக்குள் நான் போனேன். உன் அம்மாவுக்குச் சர்க்கரை, வயது, அடுத்தது நான்தானே. அதே டாக்டரம்மா. கதவைச் சாத்தினார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். “ஒங்கள யாராவது கட்டாயப்படுத்துறாங்களாம்மா? பயப்படாம சொல்லுங்க. வேண்டாம்னா ஒங்களுக்குத் தகுதி இல்லன்னு நாங்க சொல்லிக்கிறோம். காரணத்த யாருக்கும் சொல்ல மாட்டோம்” என்றார்கள்.

எனக்கும் இஷ்டமில்லை, விழி.

மனைவிதானே, ஆசையாகக் கொடுத்திருப்பாள் என்று நீகூட நினைத்திருப்பாய். எனக்குக் கத்தி என்றால் பயம். கார்குழலி பிறந்தபோது வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். அப்போது முதுகில் ஊசி போட்டு, முழு நினைவோடு கேட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவர் இல்லாமல் போய்விடுவாரோ என்பதைவிட, நான் அந்த மேஜையிலிருந்து எழுந்திருக்க மாட்டேனோ என்றுதான் அந்த நாட்களில் அதிகம் நினைத்தேன். போதுமா? உன்னைப் போலவேதான் நானும். உனக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லை, அவ்வளவே வித்தியாசம். இல்லை என்று வெளியே வந்து சொல்லிவிட்டு நான் எந்த வீட்டுக்குப் போவேன்? ஆனால் அந்த டாக்டரம்மா காட்டிய வழியில் மெதுவாக வெளியே வந்திருக்க முடியும். பொருந்தவில்லையாம் என்று அழுதிருக்கலாம். எல்லாரும் என்னைத் தேற்றியிருப்பார்கள்.

அன்று காலையில் உன் அம்மா எனக்குத் தலை வாரிவிட்டார்கள். எப்போதும் வார மாட்டார்கள். சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு, “அவ சொன்ன மாதிரி உள்ள போயி ஒத்துவரலன்னு எழுதி வாங்கிக்கிட்டு வந்துடாதம்மா. அங்க அப்புடி எழுதிக் குடுப்பாங்களாம். இனிமே யாரு சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்” என்றார்கள்.

புரிகிறதா? அந்த அறைக்கு இரண்டு கதவு இருந்தது. ஒன்றில் நுழைந்தால் இன்னொன்றில் யாருக்கும் தெரியாமல் வெளியே போகலாம். பயந்தவர்களுக்காக வைத்த கதவு. உனக்கு அது தேவைப்படவில்லை, சரி. தேவைப்படவில்லை என்று காட்டுவதற்காக அதை எல்லாருக்கும் சொல்லிவிட்டுப் போனாய். உனக்குப் பின்னால் ஒருத்தி வருவாளே என்று நீ நினைக்கவில்லை. “எனக்கு இஷ்டந்தான் டாக்டர்” என்றேன். இரண்டு தடவை கேட்டார்கள். இரண்டு தடவையும் சொன்னேன்.

நீ சிறுநீரகத்தை வைத்துக்கொண்டதில் எனக்குக் கோபம் இருந்ததே இல்லை. அதோடு பொய் சொல்லாதவள் என்ற பேரையும் சேர்த்து வைத்துக்கொண்டாயே. இரண்டில் ஒன்றை விட்டிருக்கலாம். உன் சுயநலம் எது என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். வைத்த சிறுநீரகம் ஆயுசு முழுக்க ஓடும் என்று சொல்ல முடியாது, சிலருக்குப் பத்து பன்னிரண்டு வருஷம்தான் என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். போன மாதம் சாப்பிடும்போது உன் அண்ணன் சிரித்துக்கொண்டே, “இது போனா என்னா, எம் பொண்ணு இருக்குது” என்றார். கார்குழலி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது. இஷ்டப்பட்டுக் கொடுத்தால் கொடுக்கட்டும். ஆனால் அவள் அந்த அறைக்குப் போகிற நாளில் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும். நீ மூடியது, நீதான் திறக்க வேண்டும்.

மகத்துக்கு வா. எல்லார் முன்னாலும் சொல். அன்று டாக்டரம்மா உனக்கு ஒத்துவராது என்றுதான் சொன்னார்கள், தங்கை கொடுக்க வந்தும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டதுபோல் ரோஷம் வந்துவிட்டது, அதனால் நானே மறுத்ததாகச் சொல்லிவிட்டேன், பொய்யாக எழுதிக் கொடுப்பார்கள் என்பதும் என் கட்டுக்கதை என்று சொல். உன்னை நம்புவார்கள். சேத்தியாத்தோப்பு மாப்பிள்ளை கதை ஊருக்கே தெரியும். உன் அம்மா இப்படி ஒன்றை நம்புவதற்காகத்தான் இத்தனை நாளாகக் காத்திருக்கிறார்கள்.

நீ எனக்கு ஒன்றும் தர வேண்டாம். அந்த ஒரு பேரை மட்டும் விட்டுக்கொடு.

பிரியா


புதுச்சேரி,
18.2.2025

பிரியா,

முதலில் கோபம்தான் வந்தது. இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒன்றில், உன் பயத்துக்கு நான் எப்படிப் பொறுப்பு என்று கேட்டிருந்தேன். இன்னொன்றில், உன் புருஷனிடம் இல்லை என்று சொல்ல உனக்கு வாய் இல்லாததற்கு நான் என்ன செய்வேன் என்று எழுதியிருந்தேன். இரண்டிலும் தப்பு இல்லை. ஆனாலும் அனுப்பவில்லை.

அன்று படி இறங்கும்போது எனக்கு எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். லேசாக இருந்தது. கொடுக்காமல் போகிறவளுக்கு அவ்வளவு லேசாக இருக்கக் கூடாது. இத்தனை பேரில் நான் ஒருத்திதான் உள்ளதைச் சொன்னேன் என்ற நினைப்பு. பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்தாய் என்பதே எனக்கு நினைவில் இல்லை. உன் கடிதத்தில் படித்த பிறகுதான் மூன்று பேர் இருந்தீர்கள் என்று தெரிகிறது. நான் அம்மாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு பேசியிருக்கிறேன்.

நீ கேட்டது சின்னப் பொய்தான். ஆனால் சேத்தியாத்தோப்பு மாப்பிள்ளையை ஏன் இழுத்தாய்? அந்தப் பெண்ணிலிருந்து நான் எவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டதை மறைக்கத் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டவள் அவள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் முதல்முதலாக, நிஜமாகவே வேண்டாம் என்று சொன்னேன். நீ அதை எடுத்துவிட்டு மறுபடி அவளாக வந்து நிற்கச் சொல்கிறாய். அம்மா நம்புவார்கள் என்பதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது.

உடம்பில் ஒன்றைக் கேட்டபோது நான் இவ்வளவு யோசிக்கவில்லை. அன்றைக்கே இல்லை என்று சொல்லிவிட்டேன். இதற்கு ஒரு வாரம் ஆகியிருக்கிறது.

வருகிறேன். கார்குழலிக்காக என்று எழுத ஆசைதான். அவளுக்காகவும்தான். ஆனால் நீ என்னிடம் கேட்டுவிட்டாய், நான் மறுபடியும் இல்லை என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் அந்த ஊரிலிருந்து எனக்குக் கடிதம் எழுத யார் இருக்கிறார்கள்? நான் வருவதற்கு அதுவும் காரணம். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

காலை பஸ்ஸில் வருவேன்.

விழி


புதுச்சேரி,
16.3.2025

அன்புள்ள பிரியா,

வந்து சேர்ந்ததும் எழுத நினைத்தேன். அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கைத் தின்றுகொண்டே எழுதுகிறேன். உப்பைப் பற்றி இன்று கவலை இல்லை.

நான் சொன்னது சரியாக இருந்ததா? எல்லாரும் கூடத்தில் சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் தொடங்கினேன். “டாக்டரம்மா அன்னிக்கு எனக்கு ஒத்துவராதுன்னுதாம்மா சொன்னாங்க” என்றதும் அம்மா தட்டைக் கீழே வைத்தார்கள். அதற்குமேல் நான் பெரிதாக ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரோஷம் என்ற வார்த்தையை நான் எடுப்பதற்கு முன்னால் அம்மாவே எடுத்துக் கொடுத்தார்கள். “எனக்குத் தெரியும். எம் பொண்ணு அப்புடிச் சொல்லியிருக்க மாட்டான்னு எனக்குத் தெரியும். அந்தச் சேத்தியாத்தோப்பு ஆளுங்க வந்துட்டுப் போனப்பவும் இதே கூத்துதான்” என்று என் கன்னத்தில் அடித்தார்கள். அடித்த கையாலேயே இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்கள். நாற்பத்து நான்கு வயதில் அம்மா மடியில் படுத்துக்கொண்டேன், பிரியா. மூக்குப்பொடி வாசனை அப்படியே இருக்கிறது.

அண்ணன் எழுந்து கொல்லைப்புறம் போனான். கை கழுவிக்கொண்டே நின்றான். எச்சில் கையைக் கழுவ அவ்வளவு நேரம் எதற்கு என்று நினைத்தேன். கார்குழலி, “அப்ப பொய்யா எல்லாம் எழுதித் தர மாட்டாங்களா அத்த?” என்று கேட்டாள். “மாட்டாங்கடி, நான் அளந்தது” என்றேன். உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ அடுப்படியில் பாத்திரத்தை அடுக்கிக்கொண்டிருந்தாய்.

சொல்லச் சொல்ல எனக்கே அப்படித்தான் நடந்ததோ என்று தோன்றத் தொடங்கிவிட்டது. திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து அந்த டாக்டரம்மா தலையை ஆட்டி ‘ஒத்துவராது’ என்று சொல்வதைக்கூட மனதில் பார்த்துவிட்டேன். நெய்வேலி தாண்டுவதற்குள் எனக்காக நானே கொஞ்சம் அழுதேன். பொய் இவ்வளவு இதமாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே எடுத்துக்கொண்டிருப்பேன்.

அம்மா போன் பண்ணினார்கள். இந்த வாரமே மணவாளநல்லூர் போய்ப் பிராதைத் திரும்ப வாங்கப் போகிறார்களாம். உன்னைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார்கள். சித்திரைக்கு என்னைப் பத்து நாள் வந்து இருக்கச் சொல்கிறார்கள். அண்ணன் பக்கத்து ஷெட்டில் கணக்குப் பார்க்க வரச் சொல்கிறான், அதெல்லாம் பிறகு.

நீதான் சரியாகப் பேசவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை வருவாய் என்று நினைத்தேன். களைப்பாக இருந்திருப்பாய். இவ்வளவு பேருக்குச் சமைத்தது வேறு.

ஜனவரியில் நீ கேட்ட கேள்விக்கு இப்போது வேறு பதில் எழுதலாம் போல் இருக்கிறது. சந்தோஷமாக இருக்கிறேன். நீ கேட்டதைக் கொடுத்ததால்தான் இது கிடைத்தது. கொடுப்பதில் இது இருக்கிறது என்று நீ முன்பே சொல்லியிருக்கலாமே.

பதில் எழுது. சித்திரையில் நாம் இரண்டு பேரும் ஒருநாள் ஸ்ரீமுஷ்ணம் போய் வரலாம்.

என்றும் உன்,
விழி


விருத்தாசலம்,
30.3.2025

வேல்விழிக்கு,

நீ சொன்னது சரியாக இருந்தது. நன்றாகவே சொன்னாய். கார்குழலி அந்த அறைக்குப் போகிற காலம் வந்தால், அவளை நான் தனியாகக் கூப்பிட்டு அந்தக் கதவைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறேன். அதற்கு உனக்கு நன்றி. இது நிஜமான நன்றி, குத்தல் இல்லை.

மற்றதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் அண்ணன் கொல்லையில் கை கழுவவில்லை. அழுதார். நான் தண்ணீர் பிடிக்கப் போனேன், என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். “பாத்தியா, எந்தங்கச்சி தர மாட்டேன்னு சொல்லல. ஒத்துவரலயாம். இத்தன நாளா அவள என்னா நெனச்சிட்டேன்” என்றார். ஒன் இஷ்டம், ஒன் ஒடம்பு என்று அவர் சிரித்ததெல்லாம் வெறும் வாய்ச் சிரிப்பு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. என்னை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது அவர் அழவில்லை. கண் விழித்துப் பார்த்தபோதும் அழவில்லை. சால்வை போட்டபோது லேசாகக் கலங்கினார். நீ கொடுக்காததற்கு வந்த அழுகை நான் கொடுத்ததற்கு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை உன் அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப்போனேன். அங்கே பிராது எழுதுகிறவர், ஏன் திரும்ப வாங்குகிறீர்கள் என்று கேட்டார். “தப்பா குடுத்துட்டேன்னு எழுதுய்யா. எம் பொண்ணு மேல எந்தக் குத்தமும் இல்ல. அறியாத முண்ட நான் சாமிகிட்ட வந்து பொய்ப் பிராது கட்டிட்டேன்” என்றார்கள். அழுது அங்கேயே விழுந்து கும்பிட்டார்கள். தூக்கிவிடக் குனிந்தபோது எனக்குத் தையல் இடத்தில் சுரீர் என்றது. வாயை மூடிக்கொண்டு தூக்கினேன்.

வெளியே வந்ததும், “ஒனக்கு ஏதாவது கட்டணுமாம்மா? ஆட்டோ நிக்கிது, கட்டிட்டே போயிடலாம்” என்றார்கள். எனக்கு யார் மேலும் ஒன்றும் இல்லை என்றேன்.

இப்போது தெருவில் யார் வந்தாலும் ஒரே பேச்சுதான். “எம் பொண்ணுக்கு ஒத்துவரல, இல்லன்னா மருமவ வரைக்கும் போயிருக்காது.” நான் பக்கத்தில்தான் காபி ஆற்றிக்கொண்டிருப்பேன். மாமியார் சொன்னது சரிதானே என்று வந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டுவேன். நானே சொல்லிக் கொடுத்த கதை.

நீ ஒரு பேரை விட்டுக்கொடுப்பாய், அதனால் உனக்குக் கொஞ்சமாவது குறையும் என்று நான் நினைத்தேன். அப்படி நினைத்திருக்கிறேன் என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது. உனக்குக் குறையவில்லை. சிறுநீரகம் உன்னிடம் இருக்கிறது. அம்மா மடி கிடைத்தது. அண்ணன் கண்ணீர் கிடைத்தது. சந்தோஷமும் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். கொடுப்பதில் இது இருக்கிறது என்று எனக்குச் சொல்லித் தருகிறாய். விழி, நான் கொடுத்தவள். என்னிடம் கேட்டிருந்தால் அதில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லியிருப்பேன்.

சித்திரைக்கு வா. அது உன் அம்மா வீடு, யாரும் தடுக்க மாட்டார்கள். சோறு போடுவேன், படுக்கை விரிப்பேன். ஆனால் என்னோடு உட்கார்ந்து பேச வராதே. உள்ளது என்ன என்று தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் வாய்க்கு வந்துவிடும். மகளுக்காக அதை அடக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு எனக்கு உடம்பில் தெம்பு இல்லை.

உன் கடிதங்களைக் கம்பெனிச் சூளை எரியும்போது போட்டுவிட்டேன். என்னுடையவற்றை நீயும் வைத்துக்கொள்ளாதே. யார் கையிலாவது சிக்கினால் திறந்த கதவு மறுபடி மூடிக்கொள்ளும். இனி எழுதவும் வேண்டாம். கம்பெனி விலாசத்துக்கும் வேண்டாம். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் உன் அண்ணனுக்குப் போன் செய். அவர் எடுப்பார்.

வீட்டுக்கு வரும்போது நாலு பேர் முன்னால் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடாதே. உன் அம்மாவுக்கு அது எப்போதுமே பிடித்ததில்லை.

இப்படிக்கு,
உன் அண்ணி,
மோகனப்பிரியா விருத்தகிரி